அம்மாவின் ரேடியமும் அத்தையின் மடியும்

அம்மாவின் உடம்புக்குள் ரேடியம் வைத்த அன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, அப்பாவின் தங்கையான நஞ்சம்மா அத்தை, நான். வராதவர்கள் இரண்டு பேர். அப்பா வரவில்லை. எங்கள் ஊரான கௌதள்ளியில் பட்டுப்புழுக்கள் கடைசி ஜுரம் விட்டு எழுந்திருந்தன. தோல் உரிப்பதற்காகப் புழு தின்னாமல் கிடப்பதை எங்கள் பக்கம் ஜுரம் என்பார்கள். நாலாவது ஜுரம் விட்ட புழு இரவு பகலாகத் தின்னும். முசுக்கொட்டை இலை போடுகிற ஆள் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. அக்காவும் வரவில்லை. அவள் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. ரேடியம் இருக்கிற வார்டுக்குள் கர்ப்பிணிகள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார்.

நான் அப்போது மைசூரில் உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். ஆகவே ஆஸ்பத்திரியில் சொல்வதெல்லாம் எனக்குப் புரிந்துவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். எனக்குப் புரிந்தது பாதி. புரிந்த பாதியை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நோய் எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அது திடீரென்று மறுபடியும் வந்தது. எங்கள் வீடுகளில் இது மறைக்கக்கூடிய விஷயமே இல்லை. 'தூரம்' ஆன பெண் அடுப்படிக்கு வரமாட்டாள். முக்கியமாகப் புழு வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். அவள் நிழல் பட்டாலே புழு கறுத்துச் சாகும் என்று பயம். அதனால் அம்மா தூரம் என்பது அப்பாவுக்குத் தெரியும், இலை பறிக்கிற கூலியாட்களுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். முதலில் மூன்று நாள் ஒதுங்கினாள். பிறகு ஒரு வாரம். பிறகு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பிலேயே அவளுடைய பாயும் தட்டும் தங்கிவிட்டன. ஊருக்கே தெரிந்த அந்த உதிரத்தை ஒருவர்கூட நோய் என்று நினைக்கவில்லை.

அத்தை கேலிகூடச் செய்தாளாம். "அண்ணிக்கு வயசு திரும்புதாட்ட இருக்குது. இன்னொரு பையனைப் பெத்து, அவனையும் மைசூருக்குப் படிக்க அனுப்பப் போறாங்க."

"ஒருத்தன் படிக்கறதுக்கே வூட்டுல உப்புக்குக் காசில்லை. நீ வாயை மூடு நஞ்சா" என்றாளாம் அம்மா.

விடுமுறைக்குப் போனபோதுதான் பார்த்தேன். சாய்ப்பில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கிட்டே போனால் ஒரு கெட்ட நாற்றம். அவள் அதை மறைக்கத் தலைமாட்டில் வேப்பிலை வைத்திருந்தாள். கொள்ளேகால் டாக்டர் பார்த்த உடனேயே, "இங்கே ஒன்றும் செய்ய முடியாது, மைசூருக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது, நின்றுபோன பிறகு மறுபடியும் உதிரம் கண்டால், அது தூரம் அல்ல. அவளை ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நான் எழுத உட்கார்ந்ததே இந்த இரண்டு வரிக்காகத்தான். மற்றவை எனக்கே இன்னும் குழப்பமாக இருக்கின்றன. நடந்தபடியே சொல்கிறேன்.

மைசூரில் பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் பகுதியில் ஒரு கன்னடத்து டாக்டரம்மா அம்மாவைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பரிசோதித்தார். உள்ளிருந்து மிளகளவு சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார். அந்தச் சதையை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அம்மாவும் அத்தையும் சத்திரத்தில் தங்கினார்கள். நான் ஹாஸ்டலிலிருந்து தினமும் நடந்து வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்களோடு உட்கார்ந்திருப்பேன். வராந்தா முழுக்கப் பெண்கள். ஆண்பிள்ளை நான் ஒருவன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, கன்னடத்தில்தான் சொன்னார்.

"கர்ப்பப்பையைக் கவிழ்த்து வைத்த சுரைக்குடுக்கை மாதிரி நினைத்துக்கொள். கழுத்தும் வாயும் கீழே இருக்கும். அந்த வாயில் கேன்சர் வந்திருக்கிறது."

"கத்தி வைத்து எடுத்துவிட முடியாதா?"

"பக்கத்துச் சதையிலும் பரவியிருக்கிறது. கத்தி அவ்வளவு தூரம் எட்டாது. ரேடியம் எட்டும்."

நான் வெளியே வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங் கண்ணு சொன்னாங்க?"

"உள்ளே புண்ணாம்மா."

"உள்ளன்னா எங்க?"

"உள்ளேதான்."

"வவுத்துலயா?"

"அத்தையைக் கேளு."

"அத்தையா டாக்டரு? ஊரு பேரு தெரியாத பொம்பளைக்கு உன்கிட்டச் சொல்ல வாய் வந்துச்சு. பெத்தவகிட்டச் சொல்ல உனக்கு வரலியா?"

வரவில்லை. கடைசியில் எஸ்தர் சிஸ்டர் வந்து சொன்னார். அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். அந்த வார்டில் எங்களுக்குத் தமிழில் பேச இருந்த ஒரே ஆள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பேர் சொல்லிச் சொன்னார். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். அம்மா அழுதாளா என்று பிறகு கேட்டபோது, "இல்லைப்பா. புழு வீட்டுக்குள்ள எப்போ போகலாம்னு கேட்டாங்க" என்றார்.

ரேடியம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அது ஓர் உலோகம். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சம் பட்ட இடத்தில் புற்றுச் சதை முதலில் சாகும். நல்ல சதையும் நொந்துபோகும். அதைச் சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, ஈயப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். அம்மாவுக்கு மூன்று குழாய்கள். ஒன்று கர்ப்பப்பைக்குள், இரண்டு அதன் வாய்க்குக் கீழே, இரு பக்கமும். அவை நகராதபடி மருந்துத் துணியை உள்ளே இறுக்கி அடைத்து, குழாயின் நூலைத் தொடையில் ஒட்டி வைப்பார்கள். மூன்று பகல், மூன்று இரவு அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். எழக் கூடாது, புரளக் கூடாது. பிறகு எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் வைப்பார்கள்.

டாக்டரம்மா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "இதில் நேரம்தான் மருந்து. நேரம் குறைந்தால் நோய் பிழைத்துக்கொள்ளும். கூடினால் குடலும் மூத்திரப்பையும் வெந்து போகும்."

அம்மாவின் கட்டிலை வார்டின் கோடியில் தனியாகப் போட்டுத் திரை கட்டினார்கள். யாரும் பக்கத்தில் உட்காரக் கூடாது. சிஸ்டர்கள் வேகமாக வந்து வேலையை முடித்துவிட்டு விலகிப் போவார்கள். அவளிடமிருந்து எடுக்கிற துணிகளை நீள இடுக்கியால் தூக்கித் தனி வாளியில் போடுவார்கள். சிஸ்டர்கள் குறைவு என்பதால் கஞ்சி கொடுக்க மட்டும் அத்தையை உள்ளே விட்டார்கள்.

இந்த விதிகளை அத்தைக்கு எப்படி விளக்குவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவசியமே வரவில்லை. அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

"பரவால்லடா மாதேசா. இவங்களும் தூரம் பாக்கறாங்க. தனிக் கட்டிலு, தனி வாளி, தொடாம நிக்கறது. துணியைக்கூடக் குச்சியில எடுக்கறாங்க பாரு. நம்மூரைவிட நெம்ப சுத்தம்."

எல்லா விதியையும் அவள் ஒன்றுகூடத் தப்பாமல் கடைப்பிடித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் நாள் அம்மாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ரேடியத்தால் அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றாம் இரவு கழிந்து குழாய்களை எடுக்கிற காலையில் நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தார்.

"கதவைச் சாத்துங்கள். வாளி, துணிமூட்டை, ஒன்றும் வெளியே போகக் கூடாது."

மூன்று குழாயில் ஒன்றைக் காணவில்லை.

அதன்பின் அந்த வார்டில் நடந்ததை எப்படிச் சொல்வது? துணிமூட்டைகளை அவிழ்த்து உதறினார்கள். சாக்கடையில் மூங்கில் தப்பை விட்டுத் துழாவினார்கள். அந்தக் குழாய் தங்கத்தைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது என்றார்கள். அது இல்லாவிட்டால் அம்மாவுக்கு மட்டுமல்ல, வரிசையில் காத்திருக்கிற மற்றப் பெண்களுக்கும் வைத்தியம் நின்றுவிடும். வாளி கழுவுகிற கெம்பம்மா என்ற ஆயாவை நிற்க வைத்து ஸ்டோர் குமாஸ்தா அதட்டினார். அவள் திருப்பிக் கத்தினாள்: "மூணு பிள்ளை பெத்த எனக்கு அந்தக் குழாய் எதுக்கய்யா? மூக்குல மாட்டிக்கவா?" சாயங்காலத்துக்குள் கிடைக்காவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று பேச்சு வந்தது.

எஸ்தர் சிஸ்டர் என்னைத் தனியே இழுத்தார். "ஏன்பா, நேத்து முந்தாநாள் அம்மா கிட்டே போனது உங்க அத்தைதானே? ஏதாவது துணி எடுத்தாங்களா, கேளு."

"நீங்களே கேளுங்கள், சிஸ்டர்."

"கேட்டாச்சு. வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. சும்னே சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

நான் அத்தையிடம் போனேன். அத்தை என்னைத் தூக்கி வளர்த்தவள். ஆனாலும் இந்த விஷயத்தைப் பேச எங்கள் இருவருக்கும் இடையில் வழியே இல்லை. ஒருவிதமாகக் கேட்டேன்.

"ஆம்பளப் பையன் கேக்கற கேள்வியாடா இது? அக்கட்டால போ" என்றாள்.

"அத்தை, அந்தக் குழாய் கிடைக்கலேன்னா அம்மா பிழைக்க மாட்டாளாம்."

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் சொன்னது வேறு. "சொன்னாத்தான்டா பொழைக்க மாட்டா. உனக்கென்ன தெரியும்?"

பிறகுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் தூரத் துணியை ஆண்கள் கண்ணில் பட விடமாட்டார்கள். நாய் மோந்து பார்க்கக் கூடாது. வேண்டாதவர் கையில் கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள். ஆகவே கண் மறைவாகப் புதைப்பார்கள். புதைத்த இடத்தைச் சொன்னால் கேடு வருவது சொன்னவளுக்கு அல்ல, துணிக்கு உடையவளுக்கு. அம்மாவைக் காப்பாற்றத்தான் அத்தை பேசாமல் இருந்தாள். அவள் பேசாததால்தான் அம்மாவின் வைத்தியம் நின்றுகிடந்தது. இதில் எது சரி என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் செய்வினை என்பது மூடநம்பிக்கை என்று கட்டுரை எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். அந்த வராந்தாவில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் திரைக்கு வெளியே நின்று அம்மாவிடம் சொன்னேன். குழாய்களை எடுத்தாகிவிட்டபடியால் இப்போது அவளிடம் போகலாம். ஆனாலும் நான் போகவில்லை. திரைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"நஞ்சாவைக் கூப்புடு."

அத்தை வந்து நின்றாள்.

"நஞ்சா, அது ஆரு துணி?"

"உங்களுதுதான் அண்ணி."

"என்ற துணிதான? நானே சொல்றேன். எடுத்துக் குடு."

"ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா?"

"ஆனா எனக்குத்தான ஆகோணும்? ஆகறதெல்லாம் ஏற்கெனவே ஆகிக் கெடக்குது. போ, அந்த ஆயாப் பொம்பளையை வேற பாவம் போட்டு வறுக்கறாங்க."

உடையவளே சொல்லிவிட்டதால் அத்தைக்கு வழி பிறந்தது. விடுவிடுவென்று பின்புறம் நடந்தாள். துவைக்கிற கல்லைத் தாண்டி ஒரு புங்கமரம். அதன் அடியைக் கால் கட்டைவிரலால் காட்டினாள். காலேஜிலிருந்து பௌதிக வாத்தியார் ஒருவரை ஒரு பெட்டியோடு வரவழைத்திருந்தார்கள். ரேடியம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பெட்டி படபடவென்று சத்தமிடும். மரத்தடிக்கு வந்ததும் அது பொரி பொரிவது போலச் சத்தமிட்டது. ஸ்டோர் குமாஸ்தா, கம்பவுண்டர், வாத்தியார், நான், எல்லாரும் குனிந்து பார்த்தோம்.

அத்தை குறுக்கே வந்து நின்றாள். "ஆம்பளைங்க அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. இல்லாட்டித் தோண்ட விடமாட்டேன்."

எஸ்தர் சிஸ்டர் அதைக் கன்னடத்தில் சொன்னார். டாக்டரம்மா எங்களைப் பார்த்து, "திரும்புங்கள்" என்றார். அப்படியே திரும்பினோம். கோட்டும் டையும் போட்டிருந்த வாத்தியார் பெட்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு மதில் சுவரைப் பார்த்து நின்றார். கெம்பம்மா நீள இடுக்கியால் தோண்டினாள். காலையிலிருந்து வாங்கிக்கட்டிக்கொண்ட ஏச்சை எல்லாம் அப்போது குமாஸ்தாவின் முதுகைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே தோண்டினாள். மருந்துத் துணிச் சுருளுக்குள் குழாய் அப்படியே இருந்தது.

பேதியில் முக்கியபோது நூல் அறுந்து, அடைத்த துணியோடு குழாயும் வெளியே வந்திருக்கிறது. அத்தை அதை வெறும் துணி என்று நினைத்திருக்கிறாள். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு என்னிடம், "எப்போது புதைத்தாள், கேள்" என்றார். கேட்டேன்.

"நேத்து வெளக்கு வெக்கற நேரம்."

டாக்டரம்மா மனக்கணக்காக எதையோ கூட்டினார். நேற்று மாலையிலிருந்து இன்று காலை வரை அந்தப் பக்கத்துக்கு ரேடியம் இல்லை. அடுத்த முறை அந்தக் குழாயை அவ்வளவு நேரம் கூடுதலாக வைத்தால் சரியாகிவிடும் என்றார். அப்படியே செய்தார்கள். இரண்டாம் தடவை படுத்தபோது அம்மா அதிகம் பேசவில்லை. இரவுகளில் மூத்திரம் போகும் குழாய் எரிகிறது என்று முனகுவாளாம். பகலில் நான் போனால், "பாடம் போயிருமே, போ, போ" என்பாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அப்பா வந்தார். கூடு விற்ற கையோடு நேராகப் பஸ் ஏறியிருந்தார். அவரிடம் சொல்லும்படி டாக்டரம்மா என்னிடம் ஒரு விஷயத்தை ஒப்படைத்திருந்தார். ரேடியம் பட்ட உள்சதை சுருங்கி இறுகிவிடும். ரணம் ஆறச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கணவன் மனைவி சேர்ந்திருக்கக் கூடாது. பெரிய குடும்ப ரகசியம் போல இதைச் சுமந்துகொண்டு, அப்பாவை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

"அம்மா கொஞ்ச நாள் தனியாப் படுக்கணுமாம்ப்பா."

அப்பா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "அவ தனியாப் படுத்து ஒரு வருசமாச்சுடா" என்றார்.

டீக்காசை அவரே கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். உதிரம் நின்றுவிட்டது. அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டாள். புழு வீட்டுக்குள்ளும் போயிருக்கிறாள். குணமாகிவிட்டது என்றே அனைவரும் நினைத்தார்கள். "இனி எதுக்கு மைசூரு?" என்றாராம் அப்பா. அத்தைதான் பிடிவாதமாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது எஸ்தர் சிஸ்டர் அவரிடம் கன்னடத்தில் சொன்னார்: "டாக்டர், கூட வந்த இந்த அம்மா இடுப்பையும் ஒரு தடவை பாத்துடுங்க. உக்கார முடியாம நெளியறாங்க." அத்தை மறுத்தாள். பிறகு திரைக்குப் பின்னால் போனாள். இடது இடுப்பில், சேலை செருகுகிற இடத்தில், ரூபாய் அகலத்துக்குத் தோல் சிவந்து உரிந்து நீர் கசிந்துகொண்டிருந்ததாம். சுடுசட்டி பட்டுவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

டாக்டரம்மா வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தத் துணியை எவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்தாய்?"

எஸ்தர் சிஸ்டர் அதைத் தமிழில் கேட்டார். இந்தத் தடவை அத்தை ஒளிக்கவில்லை. "காலைல பால்காரன் வந்து போனப்பவே எடுத்துட்டனுங்க. பொதைக்கப் போனா, மரத்தடியில ஆம்பளைங்க பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாங்க. ஒருத்தன் போனா ஒருத்தன் வர்றான். பகலெல்லாம் மடியிலயே முடிஞ்சு வெச்சிருந்து, பொழுதோடதான் பொதைச்சனுங்க. எப்போ பொதைச்சேன்னுதான கேட்டீங்க?"

உண்மைதான். நாங்கள் கேட்டது அதுதான். எப்போது வெளியே வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. புதைத்த நேரமும் வெளியே வந்த நேரமும் ஒன்று என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். அம்மாவின் புற்றுக்குச் சேர வேண்டிய ஒரு பகல் ரேடியம் அத்தையின் இடுப்பில் இறங்கியிருந்தது.

டாக்டரம்மா அம்மாவை உட்கார வைத்து, எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். ஒரு பக்கத்துக்கு மருந்து குறைந்திருக்கலாம். இன்னொரு முறை வைத்தால் நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் குடல் ஏற்கெனவே நொந்திருக்கிறது. எஸ்தர் சிஸ்டர் ஒவ்வொன்றாக அதைத் தமிழில் சொன்னார். இந்தத் தடவை நான் வாசலுக்குப் போகவில்லை.

"இன்னொருக்கா வெச்சா முழுசாப் போயிருங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"நிச்சயமாகச் சொல்ல முடியாது."

"வெக்காம வுட்டா திரும்ப வருங்களா?"

"அதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியாடா, இத்தனை படிச்சவங்களுக்கே தெரியலை. நீ எதுக்கு மூஞ்சியை அப்படி வெச்சிருக்கற?" பிறகு அத்தையின் பக்கம் திரும்பினாள். அத்தை தலை குனிந்து நின்றிருந்தாள்.

"வெச்சுக்கறனுங்க" என்றாள் அம்மா. "கஞ்சி குடுக்க இவளே இருக்கோணும். வேற ஆரும் வேண்டாம்."

சிஸ்டர் தயங்கினார். "அவங்களா? மறுபடியும் எடுத்துப் புதைச்சுட்டா?"

"மாட்டா. இந்த ஆஸ்பத்திரியிலயே அது சுடும்னு தோலோட தெரிஞ்சவ இவ ஒருத்திதான்."

மூன்றாம் தடவை படுக்கை போடும்போது ஒரு வேடிக்கை நடந்தது. முன்பு நாங்கள் வந்தபோது எங்கள் கொள்ளேகால் தாலூக்கா கோயமுத்தூர் ஜில்லாவில், சென்னை ராஜ்யத்தில் இருந்தது. வெளி ராஜ்யத்துக்காரர்கள் என்று படுக்கைக்கு நாள் கணக்கில் காசு கட்டினோம். இடையில் தாலூக்காவை மைசூர் ராஜ்யத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதே வார்டு, அதே கட்டில். இப்போது படுக்கைக்குக் காசில்லை. "நாம நவுரவே இல்லை, ஊரு மட்டும் எப்படிடா நவுந்துச்சு?" என்று அத்தை கேட்டாள். என்னால் அதையும் சரியாக விளக்க முடியவில்லை.

அந்த மூன்று நாளும் அத்தை கஞ்சியை நீட்டிவிட்டு இரண்டடி தள்ளி நிற்பாள். துணி என்று எதைக் கண்டாலும் "சிஸ்டரு! சிஸ்டரு!" என்று வார்டே அதிரக் கத்துவாள். மூன்று குழாயும் முழுசாக வெளியே வந்தன.

அதன்பின் பல மாதங்கள் அம்மாவுக்கு மலத்தில் இரத்தம் போயிற்று. நான்கு கவளத்துக்கு மேல் சாப்பிட முடியவில்லை. சாப்பிட்டதும் ஓட வேண்டும். இப்போது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இது மூன்றாம் தடவை வைத்ததால் வந்ததா, வைக்காவிட்டாலும் வந்திருக்குமா? மூன்றாம் தடவை வைத்ததால்தான் உயிரோடு இருக்கிறாளா, அது தேவையே இல்லையா? ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கேட்கிறேன். "இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறையும் வாருங்கள்" என்கிறார் டாக்டரம்மா. குணமாகிவிட்டது என்ற வார்த்தையை அவர் இன்றுவரை சொல்லவில்லை. நான் இப்போது ஹனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருக்கிறேன். கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கணக்கை மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் விடை வரமாட்டேன் என்கிறது.

செலவை மட்டும் சரியாகச் சொல்ல முடியும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் கூட்டினேன். சத்திரம், பஸ், முதல் இரண்டு தடவைப் படுக்கை, மருந்து, கஞ்சிக்கு அரிசி, அத்தையின் புண்ணுக்குக் களிம்பு. களிம்பின் முக்கால் ரூபாயை அத்தையின் செலவு என்று நான் தனியாக வைத்தேன். "அதுவும் என்ற சீக்குதான், சேத்துப் போடு" என்றாள் அம்மா. சேர்த்துப் போட்டேன். மொத்தம் முந்நூற்று நாற்பத்திரண்டே முக்கால் ரூபாய்.